பன்றிக்கு எந்தத் தோட்டா? காடாம்புலியூர் கொல்லையிலிருந்து ஒரு கேள்வி

மல்லாட்டை விதைத்து மூணு நாள்தான் ஆகியிருக்கும். காலையில் கொல்லைக்குப் போய்ப் பார்த்தால், யாரோ ராத்திரியெல்லாம் மண்வெட்டி போட்ட மாதிரி வரிசை வரிசையாக மண் புரண்டு கிடக்கிறது. விதையில் பாதி இல்லை. ஓரத்தில் இரண்டு குளம்பு பதிந்த தடம். காட்டுப்பன்றி.

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற சாலையில் காடாம்புலியூரும் அதைச் சுற்றிய ஊர்களும் முந்திரிக்கும் பலாவுக்கும் பேர் போனவை. அதே செம்மண்ணில் மல்லாட்டை, மரவள்ளி, கரும்பு என்று மற்றதும் விளைகிறது. பன்றிக்கு இதில் எதுவுமே வேண்டாததில்லை. கீழே விழுந்த பலாப்பழத்தையும் தின்னும், மரவள்ளிக் கிழங்கையும் தோண்டும். இழப்பைப் பார்த்த கோபத்தில் மனுஷன் முதலில் செய்வது என்ன? போனை எடுத்துத் தேடுவதுதான். "பன்றி சுட எந்த துப்பாக்கி", "மானுக்கு எந்த தோட்டா" என்று தேடினால் வீடியோ வரிசையாக வந்து நிற்கும். அழகான ரைபிள், பளபளக்கும் தோட்டாக்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு ஆழம் இறங்கும் என்று விளக்கம்.

அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அதிலும் டெக்சஸ் மாநிலம் அடிக்கடி வரும். அங்கே காட்டுப்பன்றி அந்த மண்ணின் விலங்கே இல்லை. ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்த பன்றிகள் தப்பிப் பெருகியவை. அதனால் அங்கே சட்டம் அதை ஊடுருவி வந்த விலங்காகப் பார்க்கிறது. 2019 செப்டம்பர் முதல் டெக்சஸில் நில உரிமையாளர் அனுமதித்தால் வேட்டை உரிமம்கூட இல்லாமல் தனியார் நிலத்தில் பன்றியைச் சுடலாம். நம் ஊர்க் காட்டுப்பன்றி அப்படி வந்ததல்ல. இந்த மண்ணிலேயே இருந்தது, புலிக்கும் சிறுத்தைக்கும் இரையாக இருந்தது. சட்டமும் வேறு. அந்த வீடியோவில் சொல்கிற தோட்டாக் கணக்கு சரியாகவே இருக்கலாம். அதை இங்கே செய்தால் நீங்கள் சிறைக்குப் போவீர்கள்.

"சரி, எந்தத் தோட்டா என்று கேட்கவே கூடாதா?" கேட்கலாம். பதில் தெரிந்தால்தான் இதை ஏன் உங்கள் கையில் விடவில்லை என்பதும் புரியும். அதனால் முதலில் தோட்டா, அப்புறம் சட்டம், அப்புறம் இழப்பீடு என்று போவோம்.

தோட்டாவில் என்ன இருக்கிறது

நம் பக்கம் பேச்சில் எல்லாமே "துப்பாக்கி"தான். உள்ளே மூன்று தனித்தனிச் சாதிகள் உண்டு. முதலாவது, குழலின் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டுக் கெட்டித்து, மேலே குண்டைத் தள்ளிச் சுடுகிற பழைய வகை. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கொடுப்பதாக ஆயுதச் சட்டம் 1959 தனியாகச் சொல்வது இந்த வகையைத்தான். இதையே உரிமம் இல்லாமல், யாரோ பட்டறையில் செய்து, பால்ரஸ் குண்டு போட்டு வைத்திருந்தால் அதுதான் செய்தித்தாளில் வருகிற "நாட்டுத் துப்பாக்கி".

இரண்டாவது 12 போர். ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று பழைய பண்ணை வீடுகளில் பார்த்திருப்பீர்கள். குழலின் உட்பக்கம் வழவழப்பாக இருக்கும். தோட்டாவுக்குள் ஒரே குண்டு இருக்காது, ஈய ரவைகள் இருக்கும். 6-ம் நம்பர் தோட்டாவில் சின்னச் சின்ன ரவை இருநூறுக்கு மேல். அது கௌதாரி சுட்ட காலத்துச் சமாச்சாரம். எல்ஜி, எஸ்ஜி என்று சொல்வதில் பட்டாணியைவிடப் பெரிய உருண்டைகள், விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில். பழைய வேட்டைக்காரர்கள் பன்றிக்கு என்று எடுத்து வைத்தது இவற்றைத்தான்.

மூன்றாவது ரைபிள். குழலின் உள்ளே திருகாணி மாதிரி வரிப்பள்ளம் வெட்டியிருக்கும். ஒரே குண்டு, அந்தப் பள்ளத்தில் சுழன்றுகொண்டே வெளியே வரும், நேராகப் போகும், வெகுதூரம் போகும். இந்தியாவில் பொதுமக்கள் உரிமத்தோடு வைத்திருக்கும் ரைபிள்களில் 0.315 என்பது அதிகம் கேள்விப்படுகிற அளவு. அதற்கு ஒரு கதை உண்டு. ராணுவம் பயன்படுத்திய 0.303 அளவைப் பொதுமக்களுக்கு வெள்ளைக்காரன் தடை செய்தான். ராணுவக் கிடங்கிலிருந்து திருடின தோட்டா வெளியே யாருக்கும் உதவக்கூடாது என்பது கணக்கு. அதே ரைபிளின் அமைப்பில், வேறு அளவுத் தோட்டா போடுகிற மாதிரி மாற்றிச் செய்ததுதான் 0.315. வெள்ளைக்காரன் போய் இத்தனை வருஷம் ஆகியும் 0.303 இன்னும் தடை செய்யப்பட்ட அளவுகளில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் யாராவது "பழைய 303 ஒண்ணு இருக்கு" என்று பேரம் பேசினால் உடனே விலகிவிடுங்கள்.

இப்போது குண்டின் முனைக்கு வருவோம். வேட்டைக்கான ரைபிள் குண்டில் முன்முனையில் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் அந்த மென்மையான முனை விரிந்து, வேகம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடும். விலங்கு சட்டென்று சாகும், குண்டு மறுபக்கம் போவது குறையும். ராணுவக் குண்டு அப்படியல்ல, முழுக்கச் செம்பு உறை போர்த்தியது. அது துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். போரில் ஏன் விரியும் குண்டைப் பயன்படுத்துவதில்லை என்றால், 1899-ல் ஹேக் நகரில் நடந்த மாநாட்டில் அதைத் தடை செய்து உடன்பாடு செய்தார்கள். அந்த வகைக் குண்டுக்கு உலகம் முழுக்க "டம்டம்" என்று பெயர். கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதக் கிடங்கில் 1890-களில் அதைச் செய்ததால் வந்த பெயர் அது. ஆக, மனிதன் மேல் சுட வேண்டாம் என்று உலகம் விலக்கிய குண்டுதான் விலங்குக்கு வேதனை குறைவானது என்று வேட்டைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பன்றியில் இன்னொரு சிக்கல். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல் தோலுக்கடியில் கெட்டியான குருத்தெலும்புப் பலகை மாதிரி ஒரு கவசம் உண்டு. ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று கொம்புப்பல்லால் மோதிக்கொள்ளும்போது காப்பாற்றுகிற இயற்கை ஏற்பாடு அது. ரவை தூரத்திலிருந்து வந்து அதன்மேல் பட்டால் உள்ளே போகாது. ரவைகள் போகப்போக விரிந்துகொண்டே போகும், முப்பது நாற்பது மீட்டரைத் தாண்டினால் எது எங்கே படும் என்று சுட்டவருக்கே தெரியாது. பன்றி சாகாது, காயம்பட்டு ஓடும். காயம்பட்ட பன்றி முந்திரிக் கொல்லையில் பதுங்கிக் கிடந்து, மறுநாள் காலையில் கொட்டை பொறுக்க வருகிற பெண்மணி மேல் பாயும்.

தவறின குண்டு எங்கே போகும்

பன்றி மேல் பட்ட குண்டைப் பற்றி மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தவறின குண்டு என்ன ஆகும்? சிறிய ரவை இருநூறு மீட்டரைத் தாண்டியும் போகலாம். எல்ஜி மாதிரிப் பெரிய ரவை ஐந்நூறு மீட்டர் வரைகூடப் போகும். "சின்ன துப்பாக்கிதானே" என்று நினைக்கிற 0.22 ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். பெரிய ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது.

இப்போது காடாம்புலியூரில் நின்று சுற்றிப் பாருங்கள். மலை இல்லை, குன்று இல்லை. தவறின குண்டை வாங்கிக்கொள்ள ஒரு மண்மேடுகூடப் பக்கத்தில் இருக்காது. எந்தத் திசையில் நீட்டினாலும் ஒரு ஊர், ஒரு பள்ளிக்கூடம், லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடும் நெடுஞ்சாலை, ஷிப்ட் முடிந்து நெய்வேலியிலிருந்து பைக்கில் வருகிற ஆட்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தத் தோட்டா" இல்லை, "பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது" என்பதுதான். இந்தச் சமவெளியில் அதற்குத் திருப்தியான பதில் கிடைப்பது அபூர்வம்.

முந்திரி மரத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். அதன் கிளை தரையோடு தரையாகப் படரும். மாசி, பங்குனியில் கொட்டை விழும் காலத்தில் விடியும் முன்னாலேயே ஆட்கள் குனிந்து உள்ளே போய்ப் பொறுக்குவார்கள். தோப்புக் காவலுக்குச் சாக்கை விரித்துப் படுத்திருப்பவர்களும் உண்டு. அரை இருட்டில், கிளைக்கடியில், குனிந்தபடி அசைகிற ஒரு கறுத்த உருவம். அது பன்றியா, பக்கத்துக் கொல்லைக்காரர் மனைவியா? டார்ச் அடித்துப் பார்த்தாலும் இலைக்கு நடுவே சரியாகத் தெரியாது. இந்த இடத்தில் எவ்வளவு உயர்ந்த தோட்டாவும் உதவாது.

சட்டம் சொல்வது

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2022-ல் பெரிய திருத்தம் செய்து, அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காட்டுப்பன்றியும் புள்ளிமானும் இப்போது இரண்டாம் அட்டவணையில். வெளிமானும் மயிலும் முதல் அட்டவணையில். இரண்டு அட்டவணையில் உள்ளவற்றையும் வேட்டையாடக் கூடாது.

"வேட்டை" என்றால் சுட்டுக் கொல்வது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, விஷமோ தீனியோ வைத்து இழுப்பது, நாயை விட்டுத் துரத்துவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வரும். சுட்டுத் தவறினாலும் குற்றம்தான். இரண்டாம் அட்டவணை விலங்கு என்றால் 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை என்றால் குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகலாம், அபராதம் ரூ.25,000-க்குக் குறையாது. பயன்படுத்திய துப்பாக்கியும் வண்டியும் அரசுக்குப் போய்விடும். தண்டனை கிடைத்தால் அந்தத் துப்பாக்கியின் உரிமம் ரத்து, அடுத்த 5 ஆண்டுக்குப் புதிய உரிமமும் கிடையாது.

நிறையப் பேர் தடுமாறுகிற இடம் இது: "என்கிட்ட லைசென்ஸ் இருக்கே சார்?" துப்பாக்கி உரிமம் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. அதை வைத்திருக்கலாம் என்பதற்கு மட்டுமே அது அனுமதி. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றே கொடுத்த உரிமமாக இருந்தாலும், வனவிலங்கைச் சுட அது அனுமதி ஆகாது. அது வேறு சட்டம், வேறு அதிகாரி, வேறு உத்தரவு. உரிமமே இல்லாத துப்பாக்கி என்றால் அது தனி வழக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறை. செய்தவருக்கும் விற்றவருக்கும் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.

உரிமம் இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய சாதாரண ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்கத்தான் உரிமம் வேண்டாம். அதனால் முயலையோ கௌதாரியையோ சுட்டால் அதுவும் வேட்டைதான். எதனால் சுட்டீர்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் வனத்துறையின் வேலையை ரொம்பவே சுலபமாக்குகிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பன்றி நேராக உங்கள் மேலோ வேறொருவர் மேலோ பாய்ந்து, உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு தாக்கியிருந்தால் அது குற்றமாகாது. உயிருக்குத்தான் அந்த விதி, பயிருக்கு இல்லை. அப்போதும் செத்த விலங்கு அரசின் சொத்து. கறி உங்களுடையது ஆகாது.

அப்படியானால் பன்றியை யார்தான் சுடுவது?

பயிருக்கு ஆபத்து என்றால் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் சட்டத்தின் 11-ம் பிரிவில் வனத்துறை உயர் அலுவலர்களுக்கு இருக்கிறது. 62-ம் பிரிவில், ஒரு விலங்கை ஒரு பகுதிக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிரி என்று ஒன்றிய அரசு அறிவிக்கவும் முடியும். பீகாரிலும் உத்தரகாண்டிலும் காட்டுப்பன்றிக்கு அப்படி அறிவித்தார்கள். கேரளத்தில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிடலாம் என்று வழி செய்தார்கள்.

தமிழ்நாடு வேறு பாதையில் போனது. 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட முறைப்படி, தூரம்தான் அளவுகோல். காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்து மீண்டும் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழித்தால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை. விவசாயி இல்லை, அவர் கூட்டிவரும் துப்பாக்கிக்கார நண்பரும் இல்லை. ஊர் அளவில் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தரப்பும் வனத்துறையும் சேர்ந்து நிலைமையைப் பார்த்துத்தான் அது முடிவாகும். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, பின்னால் என்ன இருக்கிறது என்ற எல்லாக் கணக்கும் அவர்கள் பொறுப்பு.

இது மெதுவான வழி என்று நீங்கள் சலித்துக்கொள்ளலாம். ஓரளவு நியாயம்தான், பன்றி மனு எழுதிக் கொடுக்கும்வரை காத்திருப்பதில்லை. ஆனால் எழுத்தில் புகார் போகாத கிராமத்தில் பன்றித் தொல்லையே இல்லை என்றுதான் கோப்பில் இருக்கும். பத்துப் பேர் பாதிக்கப்பட்டால் பத்துப் பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள்.

உங்கள் நிலம் எந்த வட்டத்தில் வருகிறது என்று நீங்களே கூகுள் மேப்பில் முடிவு செய்துவிடாதீர்கள். மரம் அடர்ந்து இருப்பதாலேயே ஓர் இடம் காப்புக்காடு ஆகிவிடாது. அரசு அறிவிக்கை செய்த இடம்தான் காப்புக்காடு. நெய்வேலிச் சுரங்க மண்மேடுகளில் வளர்த்த மரங்களைப் பார்த்து "இதுதான் காடு" என்று தூரம் அளந்தால் கணக்குத் தப்பும். சர்வே நம்பரைச் சொல்லி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

மானுக்கு இந்தத் தளர்வு எதுவுமே கிடையாது. "மானுக்கு எந்தத் தோட்டா" என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பதிலே இல்லை. கிணற்றில் விழுந்த மான், நாய் கடித்த மான் கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுக்கிறேன், கட்டு போடுகிறேன் என்று கூட்டம் கூட்டினாலே பயத்தில் அது செத்துப்போகும்.

துப்பாக்கியைவிட மோசமானவை

துப்பாக்கி கிடைக்காதவர்கள் கை வைக்கிற இரண்டு விஷயம் உண்டு. ஒன்று அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்தை வைத்துக் கொல்லையில் போடுவது. பன்றி கடித்தால் தாடை சிதறும், உடனே சாகாது, நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகும். அதைப் பன்றிதான் கடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மேய்ச்சல் மாடு கடிக்கும், நாய் கடிக்கும், பந்து மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் எடுக்கும். வனச் சட்டத்தோடு வெடிபொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது. "ராத்திரி மட்டும்தான் போடுறேன், விடியக்காலம் எடுத்துடுவேன்" என்பார்கள். மறந்துபோகிற ஒரு விடியற்காலை போதும். செத்தவர் பக்கத்து நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவராக இருப்பார், பல நேரம் சொந்த வீட்டு ஆளாகவே இருப்பார். மின்திருட்டு, உயிரிழப்பு, வனவிலங்கு வேட்டை என மூன்று வழக்குகள் ஒரே ராத்திரியில். இப்படிக் கம்பி இழுத்திருப்பதைப் பார்த்தால் தொடாதீர்கள், மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

சூரிய மின்வேலி வேறு. அது விட்டுவிட்டுத் துடிப்பாக மின்னதிர்ச்சி தரும். விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. அதற்கும் 2023-ல் தமிழ்நாடு அரசு பதிவு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையில் கேட்காமல் அமைக்காதீர்கள். வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சேலையைக் கட்டுவது சில நாளைக்குப் பலன் தரும், பன்றி பழகிவிட்டால் சேலைக்கடியிலேயே நுழைந்து வரும். அடிக்கடி இடம் மாற்றினால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஓரத்தில் ஆமணக்கு நெருக்கமாகப் போடுவதும் உதவுகிறது. அடியில் இடைவெளி விடாமல் மண்ணில் புதைத்த கம்பிவலை வேலிதான் உறுதியானது, செலவும் அதற்குத்தான் அதிகம்.

போனை எடுங்க

சேதம் நடந்த காலை, மண்ணைத் தொடும் முன்னால் போட்டோ எடுங்கள். கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருக்க வேண்டும். முதலில் தூரத்திலிருந்து ஒன்று, உங்கள் கிணறோ மோட்டார் கொட்டகையோ தெரிகிற மாதிரி. பிறகு கிட்டத்தில், தடத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ செருப்போ வைத்து. எவ்வளவு பரப்பு போயிற்று என்பதைக் கால் எட்டாலாவது அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல பேர் அவசரத்தில் உழுது மறுபடி விதைத்துவிட்டு அப்புறம் மனு கொடுக்கிறார்கள். பார்வையிட வருகிற அலுவலருக்குப் பார்க்க எதுவும் இருக்காது.

மனு வனச்சரக அலுவலகத்துக்கு. நகல் ஒன்று கிராம நிர்வாக அலுவலருக்கு. மல்லாட்டை, கரும்பு என்றால் வேளாண்மைத் துறைக்கும், முந்திரி, பலா, மரவள்ளி என்றால் தோட்டக்கலைத் துறைக்கும் சொல்லிவையுங்கள், சேதத்தை மதிப்பிட அவர்கள் கருத்து தேவைப்படும். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் இணையுங்கள். பட்டாவைப் பட்டா இணையதளத்திலேயே எடுத்துவிடலாம்.

அடங்கலில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. நிலத்தில் மரவள்ளி, அடங்கலில் போன வருஷத்துக் கம்பு. அல்லது குத்தகைக்கு உழுபவர் நீங்கள், அடங்கலில் உரிமையாளர் பெயர் மட்டும். இழப்பு உங்களுடையது, காகிதத்தில் இல்லை. பயிர் வைத்த சில வாரத்திலேயே விஏஓவிடம் போய்ப் பதிவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பன்றி வந்தபிறகு திருத்தச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும்.

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். ரொம்ப நாள் பதில் இல்லை என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் அந்தச் சீட்டின் தேதியைச் சொல்லிப் பதிவு செய்யலாம்.

பயிர்க் காப்பீட்டிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. வனவிலங்கால் ஏற்படும் பயிர் இழப்பைப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2026 காரிப் பருவத்திலிருந்து கூடுதல் பாதுகாப்பாகச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும், அதனால் பிரீமியம் கட்டும்போதே உங்கள் பயிருக்கும் ஊருக்கும் அது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால், இழப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் இடக்குறியீட்டோடு போட்டோ ஏற்ற வேண்டும். நான்காம் நாள் போனால் போனதுதான்.

கடைசியாக ஒன்று. கொல்லையில் பன்றியோ மானோ செத்துக் கிடந்தால், நீங்கள் கொல்லவில்லை என்றாலும் புதைத்துவிடாதீர்கள், பங்கு போடாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். காடாம்புலியூரிலேயே காவல் நிலையம் இருக்கிறது. போகும்போது போனில் எடுத்த போட்டோவையும் காட்டுங்கள், எடுத்த நேரம் அதில் பதிவாகியிருக்கும்.